அடுத்த வீட்டில் கேள்

ஓலைமுனைப் பள்ளிக்கூடத்துக்கு யாரோ புண்ணியவான்கள் ஒரு தகரப்பெட்டி நிறையக் குழந்தைப் புத்தகங்கள் அனுப்பிவைத்தார்கள், அனுப்பியதுதான் அனுப்பினார்கள், காட்டைப் பற்றி அனுப்பியிருக்கலாம், மலையைப் பற்றி அனுப்பியிருக்கலாம், ரயிலைப் பற்றியாவது அனுப்பியிருக்கலாம், பெட்டியைத் திறந்து பார்த்தால் அத்தனையும் கடற்கரை. காலையில் கதவைத் திறந்தால் கடல் முகத்தில் வந்து அடிக்கிற பிள்ளைகளுக்குக் கடல் நீலமாக இருக்கும் என்று சொல்லிக்கொடுக்கிற புத்தகங்கள். அதிலே தொப்பி போட்ட பிள்ளைகள் சிவப்பு வாளியில் மணல் அள்ளிக் கோட்டை கட்டின, நட்சத்திர மீன் கண்ணடித்தது, சொறிமீன் பாவாடை விரித்து ஆடியது. "சொறி பட்டா உடம்பு பூரா தடிச்சுப் போகும், அது டான்ஸ் ஆடுதாம்ல!" என்று ஓலைமுனைப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. சிரித்தாலும் புத்தகத்தை விடவில்லை.

எல்லாவற்றிலும் அதிகமாக அடிபட்டது ஒரு குட்டி நண்டின் புத்தகம். சில்லு என்று பெயர். தூங்கி எழுந்து பார்க்கிறது, அம்மாவைக் காணோம். சங்கிடம் போய்க் கேட்கிறது, கடல்குதிரையிடம் கேட்கிறது, ஆமையிடம் கேட்கிறது, ஒவ்வொன்றும் "எனக்குத் தெரியாது, அடுத்த வீட்டில் கேள்" என்று அனுப்பிவிடுகிறது. கடைசித் தாளில் அம்மா கிடைத்தாளா இல்லையா என்பது ஊருக்குத் தெரியாமலே போனது, ஏனென்றால் இரண்டு பிள்ளைகள் நான் முந்தி நீ முந்தி என்று இழுத்ததில் அந்தத் தாள் கிழிந்து, வாடைக்காற்றில் பறந்து, அலைக்கு மேலே கொஞ்ச தூரம் போய், தண்ணீரில் இறங்கிவிட்டது. பெர்னதெத் டீச்சர் இரண்டு பேர் காதையும் திருகிவிட்டு, "அழாதீங்க, அம்மா கெடச்சிருப்பா, இந்த மாதிரிப் புஸ்தகமெல்லாம் கட்டிப்பிடிச்சுத்தான் முடியும்" என்று சொன்னாள். அதோடு அது மறந்துபோனது.

அந்த வாரமே, கோயிலில் அந்தி மணி அடித்து வீடுகளில் விளக்கு ஏற்றுகிற நேரத்தில், சாமியாருக்குப் பதிலாகக் கோயிலில் செபம் சொல்லிவைக்கிற உபதேசியார் வீட்டு வாசலில் சில்லு வந்து நின்றது. உள்ளங்கை அகலம்தான். அந்தக் கடலில் எந்த நண்டுக்கும் இல்லாத ஆரஞ்சு நிறம், உடம்பைச் சுற்றி மை போட்டு இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு, கண்ணுக்கு இமைமயிர், வாய்க்கு ஒரு சிரிப்பு. நண்டு என்றால் பக்கவாட்டில்தானே ஓடும், இது நேராக நடந்து வந்தது, வரைந்தவர் நண்டைப் பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது. அதன் நிழல் மட்டும் எந்தப் பக்கம் திரும்பினாலும், எங்கே வெளிச்சம் இருந்தாலும், இடப்பக்கமாகவே விழுந்தது. "என் அம்மாவைப் பார்த்தீர்களா?" என்று கேட்டது. கேட்கிறபோது சிரிப்பு அசையவே இல்லை.

உபதேசியார் மனைவி சூடம்மாள் கையில் விளக்கோடு நின்றாள். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலுக்கு வந்தவரிடம் இல்லை என்ற சொல்லை ஓலைமுனையில் யாரும் சொல்வதில்லை. உப்பு கேட்டு வந்தாலும், தீப்பெட்டி கேட்டு வந்தாலும், இருந்தால் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் வேறு என்னவாவது சொல்லி அனுப்புவார்கள், அந்த நேரத்தில் வாய்விட்டு இல்லை என்றால் அந்த இல்லாமை அந்த வீட்டிலேயே தங்கிவிடும் என்று ஒரு பயம். ஆகவே சூடம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த வீட்டுல கேளு ராசா" என்றாள். நண்டு "நன்றி அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது.

அங்கேயும் விளக்கு வைக்கிற நேரம்தானே. அவர்களும் அடுத்த வீட்டைக் காட்டினார்கள். இப்படியே வீடு வீடாக, தெருத் தெருவாக, தினமும் அந்தி மணிக்கு நண்டு வரத் தொடங்கியது.

ஊர் என்றால் எதற்கும் பழகிக்கொள்கிற ஊர். முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் விளக்குத் திரியோடு சேர்த்து நண்டுக்கும் ஒரு வார்த்தை தயாராக வைத்துக்கொண்டார்கள். "எம்புட்டு மரியாதையாக் கேக்குது பாருடி, நம்ம பிள்ளைகளும் இருக்குதுகளே, வாயத் தொறந்தா வாடி போடி" என்று பெண்கள் மெச்சினார்கள். அதற்கு ஞானஸ்நானம் உண்டா என்று உபதேசியாரிடம் கேட்டார்கள், அவர் ஓடுள்ள பிராணிக்கெல்லாம் தலையில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை என்று சொல்லிவிட்டார். ஆண்களுக்குத்தான் சங்கடம். நண்டு வலை இழுத்து வந்து கரையில் உதறுகிறபோது ஒவ்வொரு பெரிய நண்டையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது, இவள்தான் அவளோ என்று. அந்த ஊரில் நண்டுக் குழம்பு வைக்காத வீடு கிடையாது, ஆகையால் அதன் அம்மாவை எந்த வீட்டுச் சட்டி தின்றதோ என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை, தெரியாததால் எல்லோருக்கும் கூச்சம். நண்டு வலையைச் சுருட்டி ஓரத்தில் போட்டார்கள். பள்ளிக்கூடச் சுவரில் சாக்பீஸால் பெரிய அம்மா நண்டு ஒன்று வரைந்தும் பார்த்தார்கள், சில்லு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றது, "மன்னிக்கவும், இவர் என் அம்மா அல்ல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியது.

ஊருக்குக் கடைசி வீடு செலஸ்டினுடையது. அதற்கு அப்புறம் மணல், மணலுக்கு அப்புறம் கடல். அடுத்த வீடு என்று கைகாட்ட அவனுக்கு வீடு கிடையாது. முதல் நாள் நண்டு அவன் வாசலுக்கு வந்து கேட்டபோது அவனுக்கு வேர்த்துக் கொட்டியது, நண்டைப் பார்த்து அல்ல, அவனுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் மகள் ஜெனோவாவை நினைத்து. ஏழு வயசுப் பிள்ளை, காதை அப்படியே தீட்டி வைத்துக்கொண்டு நின்றாள். அவன் "திரும்பவும் மொத வீட்டுல இருந்து கேட்டுட்டு வா" என்றான். நண்டு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது. அப்பாடா, தப்பித்தோம் என்று அவன் நினைத்தான். எங்கே தப்பிக்க!

அவன் பெண்டாட்டி மெட்டில்டா பாசி எடுக்கிறவள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மற்றப் பெண்களோடு வள்ளத்தில் தீவுக்குப் போய், முங்கி முங்கிப் பாறையில் இருக்கிற பாசியைப் பிய்த்துக் கொண்டுவருவாள். போன வருஷம் ஆடிக்காற்றில் வள்ளம் திரும்பி வந்தபோது தலை ஒன்று குறைந்தது. செலஸ்டினும் ஊர் ஆண்களும் கண் சிவக்கச் சிவக்கத் தேடினார்கள், கடல் கொடுக்கவில்லை. கடல் திருப்பிக் கொடுக்காதவர்களை ஓலைமுனையில் செத்தவர்கள் என்று சொல்வதில்லை. துக்க மணி இல்லை, பூசை இல்லை, ஒப்பாரி இல்லை. கேட்டால் "இன்னும் கரையேறல" என்பார்கள். பக்கத்து வீட்டு வியாகுலத்தின் புருஷன் கரையேறாமல் அவள் தலையே நரைத்துவிட்டது, இன்னும் பூப்போட்ட சேலைதான் கட்டுகிறாள், சாப்பாட்டு வேளையில் அவனுக்கு ஒரு தட்டும் வைக்கிறாள். இப்படி அந்த ஊரில் கரையேறாதவர்கள் ஏகப்பட்ட பேர். செலஸ்டினும் ஊர் சொல்கிற மாதிரியே மகளிடம் சொல்லியிருந்தான், அம்மா தீவுக்குப் பாசிக்குப் போயிருக்கா, வந்துருவா என்று. சொன்னபோது அவனுக்கே அது பாதி உண்மை மாதிரி இருந்தது.

ஜெனோவா முதலில் நண்டுக்குத் துணையாகத்தான் போனாள். பாவம், தனியாப் போகுதுல்ல என்றாள். அது வாசலில் நிற்கும்போது இவளும் நின்றாள், நகரும்போது நகர்ந்தாள். பிறகு ஒரு நாள் நண்டு கேட்டு முடித்ததும் இவளும் அதே குரலில், அதே மாதிரி, "என் அம்மாவைப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள். சூடம்மாள் கையிலிருந்த விளக்கைப் படியில் வைத்தாள். ஆனாலும் விளக்கு வைக்கிற நேரம், அதிலும் பச்சைப் பிள்ளை, என்ன சொல்வாள்? "அடுத்த வீட்டுல கேளு தாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். அடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள், கன்னத்தைத் தடவிக்கொடுத்துச் சொன்னார்கள், கையில் முறுக்கு கொடுத்துச் சொன்னார்கள். எல்லோரும் பாசமாகத்தான் சொன்னார்கள். கொடுமையே அதுதான்.

முதலில் கண்டுபிடித்தது பெர்னதெத் டீச்சர். பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போது கையைப் பார்த்திருக்கிறாள், விரல் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. பேனா மை என்று நினைத்து எச்சில் தொட்டுத் துடைத்தாள், போகவில்லை. சாயங்காலத்துக்குள் கோடு முழங்கை வரைக்கும் ஏறி, கழுத்தைச் சுற்றி, கவுனின் விளிம்பில் இறங்கியது. ஊர் வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக்குக் கோடு விழுந்துருச்சு" என்று சொன்னது, அம்மை போட்டிருக்கிறது என்று சொல்வதுபோல. கை வைத்தியத்துக்கா பஞ்சம்? ஒருத்தி தேங்காயெண்ணெய் என்றாள், ஒருத்தி மண்ணெண்ணெய் என்றாள், உபதேசியார் மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார். வியாகுலம் ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்கக் கோடு இன்னும் பளிச்சென்று வந்தது.

"பரவால்ல தம்பி, பாக்க லெட்சணமாத்தான் இருக்கு" என்றாள் கடைசியில், செலஸ்டின் முகத்தைப் பார்க்காமல்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான், பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தாள். அவள் நிழல் இடப்பக்கம் விழுந்தது, உச்சிவெயிலிலும் இடப்பக்கம்தான். பக்கவாட்டில் திரும்பினால் ஒரு நொடி ஆளைக் காணோம், மறுபடி நேராகத் திரும்பினால் இருக்கிறாள். தூங்கும்போதும் உதட்டில் அந்தச் சிரிப்பு கலையவில்லை, அவன் விரலால் வாயை மூடிப் பார்த்தான், விரலில் வழவழவென்று தாள் பட்டது. எல்லாவற்றையும்கூடத் தாங்கிக்கொண்டான், ஒரு நாள் மத்தியானம் சோறு பிசைந்து கொடுத்தபோது அவள் அவனைப் பார்த்து, "எனக்குப் பசிக்கவில்லை அப்பா. நன்றி" என்று சொன்னாளே, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நேற்று வரைக்கும் "போப்பா, கருவாடு இல்லாமத் திங்கமாட்டேன்" என்று தட்டைத் தள்ளிவிடுகிற பிள்ளை. கட்டினவளைக் கடல் கொண்டுபோனது, பெற்றதைப் புத்தகம் கொண்டுபோகப் போகிறது என்று அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினான். "டீச்சர், அந்தப் புஸ்தகம் எப்படி முடியும்?"

"அம்மா கெடச்சிரும் செலஸ்டின். அதோட முடிஞ்சிரும்."

"கெடைக்காட்டி?"

டீச்சர் புத்தகத்தை எடுத்து விரித்தாள். சங்கு, கடல்குதிரை, ஆமை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சில்லு இருந்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது, அந்த வெள்ளைக்குப் பக்கத்தில், ஒவ்வொரு பக்கத்திலும், சின்னதாக இன்னொரு இடம் வெளுக்கத் தொடங்கியிருந்தது, பின்னலும் கவுனுமாக ஒரு பிள்ளை நிற்கிற அளவுக்கு. டீச்சர் புத்தகத்தை மூடினாள். "கெடைக்காட்டி அது கேட்டுக்கிட்டேதான் இருக்கும் போல" என்றாள்.

அன்றைக்கு அந்தி மணிக்கு முன்னாலேயே செலஸ்டின் வீட்டுக்கு வந்து, மகளை உள்ளே வைத்து, கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளும் போட்டு, அதற்கு மேல் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டான். மணி அடித்தது. அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், கதவுக்கும் படிக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாக, முதலில் விரல்கள் வந்தன, பிறகு பின்னல் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, சத்தமே இல்லாமல் பிள்ளை பூராவும் வெளியே நழுவி வந்து எழுந்து நின்று, கவுனைத் தட்டிவிட்டுக்கொண்டு, முதல் வீட்டைப் பார்த்து நடந்தாள். அவன் எட்டிப் பிடித்தான். இறுக்கிப் பிடித்தால் கசங்கிவிடுவாளோ என்று பயந்து, பிடித்த கையை அவனே விட்டான்.

விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான். தெருவுக்குத் தெரு அவள் குரல் கேட்டது, நண்டின் குரலும் கேட்டது, எது எது என்று பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அதே பதில். "அடுத்த வீட்டுல கேளும்மா." "அடுத்த வீட்டுல கேளு கண்ணு." சத்தம் கிட்டே வந்தது. வியாகுலம் வீட்டில் கேட்டார்கள். வியாகுலம் சொன்னாள். அப்புறம் இரண்டு பேரும் அவன் முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள், இரண்டு சிரிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த இரண்டு நிழல்.

"ஐயா," என்றாள் ஜெனோவா, "என் அம்மாவைப் பார்த்தீர்களா?"

ஐயாவாம்! பெற்ற அப்பனைப் பார்த்து!

செலஸ்டின் வாயைத் திறந்தான். திரும்பவும் முதல் வீட்டில் கேள் என்று சொன்னால் போகும், போய்க் கேட்டுவிட்டு மறுபடி வரும், ஆனால் அதற்குள் பிள்ளையில் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் அவளைத் தூக்கி மடியில் உட்காரவைத்தான், கனமே இல்லை.

"இல்ல தாயி" என்றான்.

தெருவே அந்தச் சொல்லைக் கேட்டது.

"அம்மா இல்ல. கடல் எடுத்துக்கிருச்சு. அம்மா செத்துப்போயிட்டா ஜெனோ, இனிமே வரமாட்டா. தீவுல இல்ல, எந்த வீட்டுலயும் இல்ல. யாரக் கேட்டாலும் வரமாட்டா."

அவள் சிரித்தபடியே அவனைப் பார்த்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பின் ஒரு ஓரம் கோணியது. கோணினது அப்படியே உடைந்து, மூக்கு சிவந்து, வாய் பிளந்து, உள்ளே இருந்து ஒரு கத்தல் வந்தது பாருங்கள், அப்படி ஒரு கத்தலை அவள் பிறந்த அன்றைக்கு மட்டும்தான் அவன் கேட்டிருந்தான். கண்ணீர் பட்ட இடமெல்லாம் கோடு கரைந்து கன்னத்தில் கறுப்பாக வழிந்தது. மடி கனத்தது. அவள் இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் குத்தினாள், வலிக்கக் குத்தினாள்.

"பொய் சொல்ற! நீ பொய்யிப்பா! வந்துருவான்னு நீதான சொன்ன!"

"நாந்தான் சொன்னேன்."

"அப்ப ஏம்ப்பா என்னைய வீடு வீடா அலையவிட்ட?"

மெட்டில்டா போனதிலிருந்து அடக்கிவைத்திருந்தது எல்லாம் அப்போது வந்தது, மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான், ஆண்பிள்ளை அழலாமா என்றெல்லாம் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் தட்டு ஒன்று விழுந்து உருண்டது. வியாகுலம் வாசலுக்கு வந்து, மாரில் அடித்துக்கொண்டு, "என் ராசா, நீயும் இல்லியே, நீயும் இல்லியே" என்று கத்தத் தொடங்கினாள். அவள் கத்தினதும் எதிர்வீட்டில் ஒரு குரல், அதற்கடுத்த வீட்டில் ஒரு குரல், நண்டு வந்த வழியே பின்னோக்கி, கடைசி வீட்டிலிருந்து முதல் வீடு வரைக்கும், கரையேறாத ஒவ்வொருவர் பெயரும் சொல்லி ஒப்பாரி எழுந்தது, அப்பன் பெயர், அண்ணன் பெயர், பிள்ளை பெயர், ஊர் அதுவரைக்கும் வாய்க்குள் வைத்திருந்த அத்தனை பெயரும். உபதேசியார் ஓடிப்போய்த் துக்க மணியின் கயிற்றைப் பிடித்தார், யாருக்கென்று அடிப்பது என்று தெரியாமல் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

தன் அழுகை கொஞ்சம் ஓய்ந்தபோது செலஸ்டின் தலையைத் தூக்கினான். சில்லு இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது. அதே ஆரஞ்சு, அதே கோடு, அதே சிரிப்பு. அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

"என் அம்மாவைப் பார்த்தீர்களா?" என்று கேட்டது.

ஜெனோவா அப்பன் மடியிலிருந்து இறங்கினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள், முகமெல்லாம் மை. அவன் பயந்துபோய் அவள் கவுனைப் பிடித்தான், அவள் அதை விடுவித்துக்கொண்டு நண்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"ஒங்கம்மா செத்துருச்சு" என்றாள். தேம்பல் ஒன்று இடையில் வந்தது, அது போகட்டும் என்று நின்றாள். "நாங்கதான் கொழம்பு வச்சுத் தின்னுட்டோம். எந்த வீடுன்னு தெரியல. எங்க வீடாக்கூட இருக்கும். இனிமே யார்ட்டயும் போய்க் கேக்காத."

நண்டு அவளைப் பார்த்தது. அதற்கு வரைந்த சிரிப்பு, அதனால் அழ முடியவில்லை, வரைந்த கண், அதனால் மூட முடியவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. புத்தகத்தில் அதற்கு எழுதிவைத்த வார்த்தை எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. தெருவெல்லாம் ஊர் அழுகிறது, மணி அடிக்கிறது, அது இரண்டு கொடுக்கையும் மெல்ல மேலே தூக்கியது. கடிக்கப் போகிறது என்று செலஸ்டின் எழுந்தான்.

அது கடிக்கவில்லை. கையைத் தூக்கிக்கொண்டே நின்றது, தூக்கிக்கொள்ளச் சொல்லி நிற்கிற பிள்ளை நிற்குமே, அப்படி.

ஜெனோவா அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.